கிறுகும்

சம்மாந்துறையில் உதுமாலெவ்வையின் பழைய இரும்புக் கடையில்
கிலோ விலைக்கு வாங்கினேன்.
மழைக்குள் கிடந்தது, ஒரு சில்லு மண்ணுக்குள்.
"இது ஒழும்பாதுகா, உருக்கத்தான் போகும்" என்றவர்
புகைக்குழாய்க்குள் இருந்த குளவிக் கூட்டையும்
சேர்த்தே நிறுத்தார்.
குருமண்வெளித் துறையில் பாதை ஒரு பக்கம் சரிந்தது.
மண்டூருக்குப் போகும் சனம் முழுக்க
மற்றப் பக்கம் போய் நின்றது, யாரும் சொல்லாமலே.

பகலில் நான் களுவாஞ்சிகுடி வங்கியில் அடகுப் பிரிவு.
தாலிக்கொடியை, தேய்ந்த தோட்டை
மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பவள்.
உரைகல்லில் ஒரு கீறு, ஒரு சொட்டு அமிலம்,
பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாராமல்
ஒரு தொகை சொல்வேன்.
பின்னேரம் முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ வார்ப்பிரும்பு.
இதற்கு முகம் பார்க்கலாம்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி
சிலிண்டரின் வாயைச் சாக்கால் மூடினேன்.
ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன்
மரக்கட்டை வைத்து ஒரு தட்டு.
பத்தாம் நாள் ஒரு நூல் அசைந்தது.
அன்றைக்கு வங்கியில் யாருக்கோ
இருநூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டேன்.

மாக்னெற்றோவை நம்பவில்லை.
வயரைப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினேன்.
முழங்கை தாண்டி அடித்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், சந்தோஷத்தில்.

பக்க மூடியைக் கழற்றியபோதுதான் கண்டேன்:
கஸ்கெற் கிடைக்காத ஏதோ ஒரு காலத்தில்
யாரோ கூப்பன் மட்டையை வெட்டி வைத்திருக்கிறார்கள்.
எண்ணெய் ஊறிக் கருத்த அதில்
போல்ட் துளைகளுக்கு நடுவே
"...ம்மா. ஆட்கள் ஆறு. சீனி"
சீனி எவ்வளவு என்ற இடத்தில் துளை.

அந்த ஆறு பேரில் யாராவது
எப்போதாவது என் கண்ணாடிக்கு முன்னால்
காப்பு ஒன்றைக் கழற்றி வைத்திருக்கக்கூடும்.
நான் பார்த்திருக்க மாட்டேன்.

புதிதாக வெட்ட மட்டை தேடினேன்.
கைப்பையில் கிடந்தது முடிந்துபோன அடகுச் சீட்டுப் புத்தகம்.
பின்னட்டை நல்ல தடிப்பு.

சனிக்கிழமை.
கைபிடியில் பெருவிரலை மடிக்காமல் பிடித்து
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
டப்.
பிறகு ஒன்றுமில்லை. சில்லு மட்டும்
உஸ்... உஸ்... உஸ்...
"நிண்டிட்டா?" என்றான் வேலிக்கு மேலால் தவனேசன்.

நிற்கவில்லை. இது அப்படித்தான்.
வேகம் போதுமென்றால் கவர்னர் கொக்கி போடும்,
வால்வு திறந்தபடி நிற்கும், நெருப்பு இல்லை,
வெறுங்காற்றை இழுத்து விட்டபடி
தன் பாரத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.
தளரும்போது கொக்கி கழன்று
டப்.
தேவைக்கு மேல் ஒரு அடி அடிக்காது.

"தண்ணி இறைக்குமா?"
"இல்லை."
"நெல்லுக் குத்துமா?"
"பெல்ற் இல்லை."
"மறுகா?"
"கிறுகும்."

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த மனேஜருக்கு
முதல் வாரம் இந்தச் சொல் விளங்கவில்லை.
கிறுக்கா என்று கேட்டார்.
ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம், சேர்.

தவனேசன் போகவில்லை.
நீர்த்தொட்டி ஆவி விடத் தொடங்கியதும்
அவன் மனைவி சறோ வந்து
இரண்டு முட்டையை அதற்குள் மெல்ல இறக்கினாள்.
எத்தனை அடிக்கு முட்டை வேகும் என்று
மூன்று பேரும் எண்ணத் தொடங்கி
அறுபதில் குழம்பினோம்.

மூடிக்குள் இப்போது என் மட்டை.
எண்ணெய் ஊறத் தொடங்கியிருக்கும்.
அடுத்து எவர் திறந்தாலும்
போல்ட் துளைகளுக்கு நடுவே வாசிக்கலாம்:
"உரிய திகதியில் மீட்கத் தவறின்"
மிச்சம் மூன்றாவது துளையோடு போய்விட்டது.